எய்தவர் யார்?

பதிலாசிரியை ஒருவரைப் பள்ளிக்கூடத்தை விட்டு நீக்குமாறு கோரும் மனுவொன்றை எழுதித் தரவேண்டுமென்று, சென்ற தவணை முடிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வன்னியின் கிழக்கெல்லைக் கிராமமொன்றிலிருந்து அறுவர் கொக்குவிலிலுள்ள எமது இல்லத்துக்கு வந்திருந்தனர். தந்தையர் ஐவர், தாய் ஒருத்தி. விடியுமுன் முதல் பஸ்ஸைப் பிடித்துப் புறப்பட்டவர்கள் முற்பகல் பத்து மணிக்கே வந்து சேர்ந்தார்கள். பயணச் செலவுக்குக் கைமாற்று வாங்கி வந்த மக்களின் முறைப்பாடு அற்பமானதாக இராது என்று நாம் எண்ணினோம். அது அற்பமானதாகவும் இருக்கவில்லை. ஆயினும், அம்மனுவை அவர்கள் கேட்டவாறு நாம் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பதை வாசகர் முன் வைப்பதே இத்தலையங்கத்தின் நோக்கம். விசாரணையின் தொடக்கத்தில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டிருந்தவர் அந்தப் பெண். விசாரணை முடிந்தபோது கூண்டில் நின்றவர்களுள் இதனை எழுதும் நாமும் ஒருவராயிருந்தோம்.

ஊராரின் முறைப்பாடு

அவர்கள் சொன்ன குற்றச்சாட்டுகள் இவை. அந்த அம்மணி ஆசிரியப் பயிற்சி பெற்றவரல்லர், க.பொ.த. உயர்தரம் மட்டுமே சித்தியெய்தியவர். மூன்று வகுப்புப் பிள்ளைகளை ஒரே மண்டபத்தில் இருத்தி ஒரே பாடத்தை எழுதவைக்கிறார். கணக்கிலே ஒரு பிள்ளை சந்தேகம் கேட்டால், 'நாளைக்குச் சொல்கிறேன்' என்கிறார். நாளை வந்தாலும் விடை வருவதில்லை. பிந்தி வரும் பிள்ளையை வாசலிலே நிறுத்தி ஏசுகிறார். நெல் வெட்டுக் காலத்திலும் கரைவலைக் காலத்திலும் பிள்ளைகளை மறித்துக்கொண்ட தகப்பன்மாரின் படலைக்கே வந்து நியாயம் கேட்கிறார். ஊர்க்காரியுமல்லர், அயற்கிராமத்தவர். முகத்திலே சிரிப்பென்பது மருந்துக்கும் இல்லை. பிள்ளைகள் அவருக்கு இட்டிருக்கும் பெயர் 'இரவல் ரீச்சர்' என்பதாம்.

தன் கட்சிக்காரனைத் தானே முதலிற் குறுக்கு விசாரணை செய்துகொள்ளாத வழக்கறிஞன், மன்றிலே எதிர்த்தரப்பு வழக்கறிஞனால் வெட்கப்படுத்தப்படுவான் என்பது எமது தொழிலின் பாலபாடம். ஆகவே நாம் கேள்விகளைத் தொடுத்தோம்.

"வரவுப் பதிவேட்டில் எத்தனை ஆசிரியரின் பெயர் உண்டு?"

"நாலு பேர், ஐயா."

"அந்த நால்வரும் எங்கே?"

ஒருவர் 'இணைப்பு' என்ற பெயரால் யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றிலே கற்பிக்கிறார். ஒருவர் நெடுங்கால மருத்துவ விடுப்பில் இருக்கிறார். ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் வந்து, பஸ் நேரத்துக்குப் போய்விடுகிறார். நான்காமவரான அதிபருக்கு வலயக் கல்வி அலுவலகத்துக்கும் கோட்டக் கல்வி அலுவலகத்துக்கும் கடிதம் சுமப்பதிலேயே பாதி வாரம் கழிந்துவிடுகிறது.

"நல்லது. நீங்கள் நீக்கச் சொல்லும் இந்த அம்மணி எத்தனை நாள் வராதிருந்தார்?"

ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதுவரை வாய் திறவாதிருந்த அந்தத் தாயே பதில் சொன்னார்: "அந்தப் பிள்ளை ஒருநாளும் நிண்டதில்லை, ஐயா. போன மாரியிலை குளம் வான்பாய்ஞ்சு றோட்டு மூடின அண்டைக்கும் வந்தவ."

மனுவின் முதல் வரிக்காகத் திறந்த பேனாவை நாம் மூடி வைத்தோம்.

பள்ளிக்கூடத்திலே கண்டது

அடுத்த வாரம் நாமே அங்கு சென்றோம். அரைச்சுவர் எழுப்பிய மண்டபம் ஒன்று; இரு புறமும் கரும்பலகைகள்; நடுவே மறைப்பு எதுவுமில்லை. ஒரு பக்கத்து வாய்ப்பாடு மறுபக்கத்து வாசிப்பிலே மோதிக்கொண்டிருந்தது. அந்த அம்மணி எம்மை வரவேற்கவுமில்லை, வெறுக்கவுமில்லை. இடைவேளை மணி அடிக்கும்வரை பாடத்தை விடவுமில்லை. நான்காவது ஆண்டாக அவர் அங்கே கற்பிக்கிறார். அரசாங்கத்திடமிருந்து அவருக்கு ஒரு சதமும் வருவதில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் வீடு வீடாகத் தண்டிக் கொடுக்கும் சிறுதொகையும் சில மாதங்களாக நின்றுபோயிருந்தது. அதனை அவர் எவரிடமும் கேட்டதில்லை.

2009ஆம் ஆண்டிலே பத்து வயதுச் சிறுமியாயிருந்தவர் அவர். செட்டிகுளத்து முகாமிலே தரப்பாள் கூரையின் கீழ் இருந்து படித்தவர். அங்கே அவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவரும் சம்பளமில்லாத ஒரு தொண்டராசிரியையே.

ஊரார் சொன்ன குறைகளை நாம் ஒவ்வொன்றாக அவர் முன் வைத்தோம். அவர் எதனையும் மறுக்கவில்லை.

"நான் நல்ல ரீச்சர் எண்டு ஒருநாளும் சொல்லேல்லை, ஐயா. மேல் வகுப்புக் கணக்கு எனக்கே முழுக்க விளங்காது. ஆரும் படிச்ச ஆள் வந்தால் நான் நாளைக்கே விட்டிட்டுப் போறன். ஆனால் காலமை கதவைத் திறக்க ஒரு ஆள் வேணுமே?"

இப்பதிலிலே தற்பெருமையுமில்லை, தன்னிரக்கமுமில்லை. மன்றிலே எத்தனையோ சாட்சிகளைக் கேட்ட எமது செவிக்கு, இது உண்மைச் சாட்சியின் குரலாகவே ஒலித்தது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பது பழமொழி. இலுப்பைப்பூவைச் சர்க்கரையென்று எவரும் வாதிட வேண்டியதில்லை. ஆனால் இலுப்பைப்பூ இனிக்கவில்லையென்று அதனை வீதியிலே கொட்டுமுன், ஊரிலே ஆலை இல்லாமற் போனது யாரால் என்று கேட்க வேண்டாமா?

மறுதரப்பையும் கேள்

இரு தரப்பையும் கேளாது தீர்ப்பளிக்கலாகாது என்பது இயற்கை நீதியின் முதல் விதி. ஆசிரியர் விஷயத்திலே இவ்விதியை உலகம் பெரும்பாலும் மறந்துவிடுகிறது. வகுப்பறையின் வரலாற்றை எழுதுபவர்கள் மாணவர்களாகவே இருப்பதுதான் இதற்குக் காரணம்.

ஓர் உதாரணம் சொல்வோம். அமெரிக்க எல்லைப்புறமாகிய டக்கோட்டாப் பிரதேசத்தில், 1880களின் தொடக்கத்திலே, டி ஸ்மெட் என்ற புதுக்குடியேற்றச் சிற்றூரின் பள்ளிக்கூடத்தில் எலைசா ஜேன் வைல்டர் என்னும் பெண்மணி கற்பித்தார். வகுப்பு அவர் கைக்கு அடங்கவில்லை. பிள்ளைகள் அவர் பெயரை வைத்தே பரிகாசப் பாட்டுக் கட்டினார்கள். அவ்வகுப்பில் இருந்த மாணவி ஒருத்தி பிற்காலத்திலே உலகப் புகழ் பெற்ற எழுத்தாளரானார். அவரே லோரா இங்கல்ஸ் வைல்டர். 1941இல் வெளிவந்த தமது நூலொன்றிலே அந்த ஆசிரியையைப் பாரபட்சமும் பலவீனமும் உடையவராக அவர் தீட்டினார். உலகெங்குமுள்ள சிறுவர் சிறுமியர் அந்தச் சித்திரத்தையே இன்றும் அறிவர். ஆனால் எலைசா ஜேன் 1930இலேயே காலமாகிவிட்டார். தீர்ப்பு எழுதப்பட்டபோது பிரதிவாதி மன்றில் இல்லை. பதிலளிக்க நாவும் இல்லை.

இதிலே இன்னொரு செய்தியும் உண்டு. அதே லோரா சில காலத்தின் பின், பதினாறு வயது நிரம்பு முன்னரே, பனி கொட்டும் காலத்தில் தனிக்குடிசைப் பள்ளியொன்றுக்கு ஆசிரியையாகப் போனார். பார்வையிழந்த தமக்கையின் படிப்புச் செலவுக்காக அந்தச் சம்பளம் தேவைப்பட்டது. தன்னிலும் மூத்த மாணவர்களின் முன்னே எப்படி நிற்பது என்று அன்று அவரும் நடுங்கினார். கரும்பலகையின் முன்புறத்திலிருந்து பார்ப்பதற்கும் பின்புறத்திலிருந்து பார்ப்பதற்கும் உள்ள தூரம் அவ்வளவுதான். ஆயினும் நூலிலே ஆசிரியைக்கு எதிரான தீர்ப்பு மாறவில்லை.

எமது எல்லைக் கிராமத்து 'இரவல் ரீச்சர்' பற்றி நாளை நூலெழுத எவரும் வரமாட்டார். அவருக்கு வாய்த்திருப்பது ஆறு கையொப்பமிட்ட ஒரு மனு மட்டுமே. ஆகவே, அந்தக் காகிதத்திலேனும் மறுதரப்பு இடம்பெற வேண்டுமென்று நாம் கருதினோம்.

வெற்றிடம் எவ்வாறு பிறக்கிறது?

ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடம் வானத்திலிருந்து விழுவதில்லை. அது காகிதத்திலே பிறக்கிறது. பல்கலைக்கழகத்திலிருந்தோ கல்வியியற் கல்லூரியிலிருந்தோ வெளியேறும் இளைஞருக்கு நியமனக் கடிதம் வருகிறது. கடிதத்திலே துணுக்காய் என்றோ, மடு என்றோ, முல்லைத்தீவு என்றோ, வவுனியா வடக்கு என்றோ எழுதியிருக்கிறது. நியமனத்தை ஏற்று முதலாம் நாள் கையொப்பமிடுகிறார். அடுத்த வாரமே மேன்முறையீடு தொடங்குகிறது. தாயாருக்கு நோய், குழந்தைக்கு இழுப்பு, கணவருக்கு வெளிநாடு. இவற்றுட் சில உண்மை. உண்மையல்லாதவற்றுக்கும் சான்றிதழ் கிடைக்கிறது. பிறகு அரசியற் பிரமுகரின் கடிதம் ஒன்று. பிறகு 'தற்காலிக இணைப்பு'. பெயரும் சம்பளமும் வன்னிப் பாடசாலையின் கணக்கிலே. ஆள் யாழ்ப்பாணத்துப் பாடசாலையிலே. ஏட்டின்படி அங்கே வெற்றிடமே இல்லை! வெற்றிடம் இல்லாதபடியால் புதியவரை நியமிக்கவும் முடியாது. பிள்ளைகளின் முன்னே நிற்கும் வெறுங் கதிரையை எந்தப் புள்ளிவிபரமும் காட்டாது.

இவ்விடத்தில் எமது குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறோம். ஆண்டுகள் சிலவற்றின் முன், வன்னியில் நியமனம் பெற்ற எமது உறவுப்பெண் ஒருத்திக்காக மேன்முறையீடு எழுதிக் கொடுத்த கை இந்தக் கைதான். காரணங்களை அடுக்கி, விதிகளை மேற்கோள் காட்டி, அழகாகவே எழுதினோம். விண்ணப்பம் வெற்றி பெற்றது. வீட்டார் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் விட்டு வந்த கதிரை எந்தப் பள்ளிக்கூடத்திலே வெறுமையாகக் கிடக்கிறது, அதன் முன்னே எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அன்று நாம் கேட்கவில்லை. இன்று அந்த ஆறு பேரும் எமது விறாந்தையிலே வந்து நின்றபோதுதான் அக்கேள்வி எம்மைத் தேடி வந்தது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். எய்தவர்களைத் தேடிப் புறப்பட்ட நாம் எமது விரலிலேயே நாணின் தழும்பைக் கண்டோம்.

இதனைக் கொழும்பின்மீது சுமத்திவிட்டு உறங்கலாமென்று எவரும் எண்ணவேண்டாம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பின்னர், தேசிய பாடசாலைகள் ஒழிந்த ஏனைய பாடசாலைகளின் நிருவாகம் மாகாணங்களுக்குரியது. வலிகாமத்திலிருந்து துணுக்காய்க்கு ஓர் ஆசிரியரை அனுப்புவதும், அனுப்பியவரைத் திருப்பி அழைப்பதும் வட மாகாண நிருவாகத்தின் கையில் உள்ளவை. 2013ஆம் ஆண்டு தொடக்கம் 2018 ஒக்டோபர் வரை எமது மக்கள் தெரிவுசெய்த மாகாண சபையே இருந்தது. அதன் பதவிக்காலம் முடிந்தபின் தேர்தல் நடத்தாது ஆண்டுகள் பலவற்றைக் கடத்தியமை கொழும்பின் குற்றம். அதனை நாம் என்றும் கண்டித்தே வருகிறோம். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் இடமாற்றக் கடிதங்களிலே இருந்தவை எம்மவரின் கையொப்பங்களே. எல்லை பறிபோகிறது என்று மாலையில் மேடையிலே முழங்கிவிட்டு, காலையில் எல்லைப் பள்ளிக்கூடத்து ஆசிரியரை மீட்டெடுக்கக் கடிதம் கொடுக்கும் அரசியல், வேலியே பயிரை மேயும் அரசியலன்றி வேறென்ன?

மறுபுறத்தையும் மறைக்கமாட்டோம். மாலை ஐந்து மணியோடு பஸ் நின்றுபோகும் ஊரில், தங்குவதற்கு விடுதியில்லாத இடத்தில், யானை வந்துபோகும் பாதையில், இருபத்தைந்து வயதுப் பெண்ணொருத்தியைத் தனியே போய் இருவென்று சொல்வது இலகு, இருப்பது இலகுவன்று. சம்பளத்திற் பெரும்பங்கு பிரயாணத்துக்கே போகிறது. இத்தனை இடரையும் பொருட்படுத்தாது அதிகஷ்டப் பிரதேசப் பாடசாலைகளிலே ஆண்டுக்கணக்காகச் சேவை செய்த, செய்கின்ற ஆசிரியர்கள் பலரை நாம் அறிவோம். அவர்களுட் சிலர் ஐந்தாண்டு முடிந்தபின் கேட்ட நியாயமான இடமாற்றங்கூடக் கிடைக்காது வாடுகிறார்கள். செல்வாக்குள்ளவர் முதல் வாரத்திலேயே தப்பிவிட, செல்வாக்கில்லாதவர் அங்கேயே மறக்கப்படுகிறார். ஆகவே நாம் குறை சொல்வது அஞ்சுகின்ற இளைஞரையன்று; அச்சத்தைப் போக்க எதுவும் செய்யாது, தப்பும் வழியை மட்டும் தகுதிக்கேற்ப விற்கும் முறையையே.

யாழ்ப்பாணத்தின் கடன்

கல்வி எமக்குத் தானாக முளைத்த பயிரன்று. 1848இலே வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியபோதும், 1910இலே கொக்குவில் இந்துக் கல்லூரி தோன்றியபோதும், 1923இலே கோப்பாயில் ஆசிரிய கலாசாலை எழுந்தபோதும், தமது ஊரின் பிள்ளைகளை மட்டும் எண்ணியா அக்காலத்தவர் உழைத்தனர்? அதே 1923இலே தொடங்கிய சைவ வித்தியா விருத்திச் சங்கம், எமது தொழிலைச் சேர்ந்தவரான சு. இராசரத்தினம் அவர்களின் முயற்சியால், பள்ளிக்கூடமே கண்டிராத குக்கிராமங்களிலெல்லாம் பாடசாலைகளைத் திறந்தது. அங்கே போன ஆசிரியர்கள் குறைந்த வேதனத்துக்கு உழைத்தவர்கள். ஓலைக் கொட்டிலிலே படிப்பித்து, ஊரார் கொடுத்ததை உண்டு, 'சட்டம்பியார்' என்ற பெயரைச் செல்வமாகக் கொண்டவர்கள். எமது கொக்குவிலின் சுருட்டுக் கொட்டில்களிலே, கைகள் புகையிலை சுற்ற, ஒருவர் இருந்து பத்திரிகையை உரக்க வாசித்து ஏனையோருக்கு உலகத்தை அறிவித்த காலமும் இருந்தது. அந்த வாசகரும் ஒருவகையிற் பதிலாசிரியரே; அவரிடம் எவரும் பயிற்சிச் சான்றிதழ் கேட்கவில்லை.

1945இலே இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் கையேற்றது. முகாமையாளரின் தயவிலே வாழ்ந்த ஆசிரியர் அரசாங்க ஊழியரானார், அது நன்மையே. ஆயினும், 'இந்த ஊருக்கு ஆசிரியரை நான் தேடித் தரவேண்டும்' என்று இரவிலே உறக்கமின்றித் தவித்த ஒருவர் அன்றிருந்தார். இன்று அந்தப் பொறுப்பு எந்த மேசைக்கு உரியதென்று அந்த ஊருக்கே தெரியாது.

இதனினும் பெரிய கடன் ஒன்று உண்டு. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவை வலிகாமத்தார் எவரும் மறந்திருக்க முடியாது. கொக்குவிலும் அன்று வெறுமையாயிற்று. நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கும், பின் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்கும் போன எமது பிள்ளைகளுக்கு அங்கே மரநிழலிலும் கொட்டில்களிலும் பாடம் சொன்னவர்கள் யார்? பயிற்சி பெற்றவர்களும் இருந்தனர். ஆனால் தொகை போதவில்லை. அந்தக் குறையைத் தொண்டர்களே நிரப்பினார்கள். கொக்குவிற் பிள்ளைக்கு வன்னியிலே தொண்டராசிரியர் கிடைத்தார். வன்னிப் பிள்ளைக்குக் கொக்குவிலிலிருந்து கிடைப்பது என்ன? மேன்முறையீட்டின் பிரதி!

எல்லைக் கிராமங்களின் நிலை இன்னும் உணரத்தக்கது. 1984 டிசெம்பரிலே கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் தம் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். 1988இலே மணலாறு வெலிஓயாவென்று பெயர் மாறியது. 2009இலே போர் முடிந்தபின்னரே, கால் நூற்றாண்டு கழிந்து, அம்மக்கள் திரும்பினார்கள். திரும்பியவர் முதலிற் கேட்டவை மூன்று: காணி, கிணறு, பள்ளிக்கூடம். காணிக்கு வழக்காடுகிறோம், கிணற்றுக்கு நன்கொடை திரட்டுகிறோம், பள்ளிக்கூடத்தை மட்டும் மறந்துவிடுகிறோம். பிள்ளை படிக்க வழியில்லையென்றால் தாய் முதலில் நகரத்துக்குப் பெயர்வாள், தகப்பன் பின்னாலே போவான், வீடு பூட்டப்படும், வயல் தரிசாகும், பாடசாலை மாணவரின்றி மூடப்படும். படையும் வேண்டாம், வர்த்தமானியும் வேண்டாம். ஓர் ஆசிரியர் வராதிருந்தாற் போதும், ஓர் ஊர் தானாகவே காலியாகும்.

சட்டமும் நடைமுறையும்

அரசியலமைப்பின் 27(2)(ஏ) உறுப்புரை, எழுத்தறிவின்மையை முற்றாக ஒழித்தலையும், சகல மட்டங்களிலும் கல்வி பெறுவதற்கான சமமான வாய்ப்பையும் அரசின் குறிக்கோளாகக் கூறுகிறது. ஆனால் 29ஆம் உறுப்புரை, இக்கோட்பாடுகளை எந்த நீதிமன்றிலும் வலியுறுத்தவியலாது என்று கதவைச் சாத்துகிறது. கட்டாயப் பாடசாலை வரவின் வயதெல்லை 2016இலே பதினாறாக உயர்த்தப்பட்டது. பிள்ளையை அனுப்பாத பெற்றோரைக் கேட்கச் சட்டம் உண்டு. ஆசிரியரை அனுப்பாத அரசைக் கேட்க அதே வேகமுள்ள சட்டம் இல்லை. பெற்றோரின் படலைக்கு வந்து நியாயம் கேட்டார் என்று குற்றம் சாட்டப்பட்ட அந்தப் பதிலாசிரியை செய்தது, சட்டம் அதிகாரிகளிடம் எதிர்பார்க்கும் வேலையையே.

பதிலாட்களைக் கொண்டு பள்ளிகளை ஒப்பேற்றும் வழக்கம் எமக்கு மட்டும் உரியதன்று. மலையகத் தோட்டப் பாடசாலைகளுக்கு 2015இலே நியமிக்கப்பட்ட ஆசிரிய உதவியாளருக்கு மாதம் 6,000 ரூபாவே கொடுப்பனவாகத் தரப்பட்டது. தமிழ்நாட்டிலே 2012இல் பகுதிநேர ஆசிரியர் 16,549 பேர் மாதம் 5,000 ரூபா தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்கள் பல. இந்திய உயர் நீதிமன்றம் 2006இலே, உமாதேவி வழக்கில், முறைப்படி தெரிவாகாத தற்காலிக ஊழியருக்கு நிரந்தர நியமனம் கோரும் உரிமையில்லை என்றது. அதே நீதிமன்றம் 2016இலே, ஜக்ஜித் சிங் வழக்கில், தற்காலிக ஊழியரேயாயினும் சமமான வேலைக்குச் சமமான ஊதியத்துக்கு உரித்துடையவர் என்றது. இரு தீர்ப்புகளையும் சேர்த்து வாசித்தால் ஒரு நெறி புலப்படும். பின்கதவால் பதவி கொடுக்காதே. ஆனால் முன்கதவிலே வேலை வாங்கிக்கொண்டு கூலியை மறுக்காதே. எமது மாகாணத்துக்கும் இந்நெறி போதும்.

செய்ய வேண்டுவன

முதலாவது: 'இணைப்பு' என்னும் கண்கட்டு ஒழிய வேண்டும். ஒருவர் எந்தப் பாடசாலையின் கணக்கிற் சம்பளம் பெறுகிறாரோ அந்தப் பாடசாலையிலேயே கற்பிக்க வேண்டும். விலக்கு வேண்டுமாயின், முதலில் அவ்விடத்துக்குப் பதிலாள் போக வேண்டும். அதன் பின்னரே அவர் வரவேண்டும். நியமித்த காலம் முடிந்தவருக்கு, எந்தக் கடிதமும் கேளாது, இடமாற்றம் தானாகவே வரவேண்டும்.

இரண்டாவது: ஆண்டுக்கணக்காகக் கற்பிக்கும் தொண்டராசிரியருக்கு எழுத்துமூல நியமனமும், அரசாங்கக் கொடுப்பனவும், தகுதிகாண் பரீட்சையும், கோப்பாயிலோ வவுனியாவிலோ பயிற்சியும் கிடைக்க வேண்டும். தேறாதவர் நன்றியோடு விடைபெறட்டும். பிள்ளைக்கு நல்ல ஆசிரியரைப் பெறும் உரிமை எவருடைய தியாகத்திலும் மேலானது. ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். தொண்டர் பட்டியல் தயாராகிறது என்றதும், கரும்பலகையைக் கண்டிராத பெயர்களும் அதிலே முளைக்கும். யார் உண்மையில் வந்தார் என்பதற்குப் பிரமுகரின் சிபாரிசு சாட்சியன்று. பாடசாலையின் வரவுப் பதிவேடும் சம்பவத்திரட்டுமே சாட்சி.

மூன்றாவது: எல்லைப் பாடசாலைகள் ஒவ்வொரு தொகுதிக்கும் ஆசிரியர் விடுதியொன்றும், பாடசாலை நேரத்துக்கு ஏற்ற பஸ் சேவையும் அமைய வேண்டும். இவை இல்லாமல் இடமாற்றச் சுற்றுநிருபம் வெறுங் காகிதம்.

நான்காவது எமது வாசகர்களுக்கு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, உங்கள் வலயத்தின் எந்தப் பாடசாலையிலே யார் பெயரில் சம்பளம் போகிறது, அவர் எங்கே கற்பிக்கிறார் என்று எந்தப் பிரசையும் கேட்கலாம். பதினான்கு வேலை நாட்களுள் தீர்மானம் சொல்ல வேண்டியது அலுவலகத்தின் கடமை. கேட்கத் தெரியாதோர் எம்மிடம் வரட்டும். விண்ணப்பத்தை நாம் எழுதித் தருவோம். ஒரு காலத்தில் வேறு விண்ணப்பம் எழுதிய கைக்கு இது பிராயச்சித்தமாகட்டும். உங்கள் வீட்டிலே வன்னி நியமனம் பெற்ற மகனோ மகளோ இருப்பின், மேன்முறையீட்டுக்கு ஆள் தேடுமுன் ஒரு தடவை அந்தப் பள்ளிக்கூடத்தை நேரிலே போய்ப் பாருங்கள். அதற்குமேல் நாம் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த அறுவரின் மனு இறுதியில் எழுதப்பட்டது. பதிலாசிரியையை நீக்குக என்ற மன்றாட்டம் அதில் இல்லை. பெயரளவில் இருக்கும் ஆசிரியரை நேரளவில் அனுப்புக என்றும், அவர்கள் வந்து சேரும்வரை கதவைத் திறப்பவருக்கு உரிய கொடுப்பனவைத் தருக என்றும், அவரைப் பயிற்சிக்கு அனுப்புக என்றுமே இருந்தது. ஐந்து தந்தையருள் இருவர் அரைமனத்தோடுதான் கையொப்பமிட்டார்கள். அந்தத் தாய் முழுமனத்தோடு பெருவிரலை வைத்தார்.

மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. பிள்ளைகள் இன்னும் 'இரவல் ரீச்சர்' என்றே அழைக்கிறார்கள். அவரும் இன்னும் சிரிப்பதில்லை. நாளை காலை ஏழரை மணிக்குள் அந்தக் கதவைத் திறக்க அவரே போவார். இரவலாக வந்தவர் சொந்தக்காரரைப்போல் நிற்கிறார்; சொந்தக்காரராகிய நாமோ இரவலரைப்போல் ஒதுங்கி நிற்கிறோம். இந்த முறைகேடு என்று தீருமோ, அன்றுதான் எல்லையைக் காப்போம் என்று மேடையிலே பேச எமக்கு உரிமை பிறக்கும்.